சிவப்பு மை

பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவர் எதிரில் இந்தியாவின் தேசப்படத்தை விரித்தாராம். மகாராஜாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைப் பருவத்தில் அம்மை போட்டு ஒரு கண்ணும் போய்விட்டது. மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்பெல்லாம் என்ன?" என்று கேட்டாராம். "அதெல்லாம் கம்பெனியாரின் ராஜ்யம்" என்று பதில் வந்தது. மகாராஜா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சிவப்பாகிவிடும்" என்றாராம்.

கதை உண்மையோ, பின்னால் வந்தவர்கள் கட்டியதோ, எனக்கு அதில் அக்கறை இல்லை. ரஞ்சித் சிங் 1839-ல் காலமானார். 1849-ல் பஞ்சாபும் கம்பெனி வசமாயிற்று. ஆகவே கதை நிலைத்துவிட்டது. எனக்குப் பிடித்த இடம் வேறு. ஊர்ப் பெயர்களை வாசிக்க முடியாத ஒரு மனிதர், கோடுகளையும் அளவுகோலையும் பற்றிக் கவலைப்படாமல், வர்ணத்தை மட்டும் பார்த்து அந்தப் படத்தின் அர்த்தம் முழுவதையும் கிரகித்துக்கொண்டுவிட்டார். நாமும் அப்படித்தான். ஒரு தேசப்படத்தைக் கையில் எடுத்தால் எழுத்துக்கு முன்னால், எல்லைக்கு முன்னால், கண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வது வர்ணம்தான். புகுந்த கையோடு அது ஓர் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறது. படம் போட்டவரின் அபிப்பிராயம் அது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. பூமியே அந்த நிறம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால், தேசப்படத்தில் வர்ணம் செய்கிற வேலை இரண்டு. இது வேறு, அது வேறு என்று பிரித்துக் காட்டுவது ஒன்று. இது அதிகம், அது குறைவு. இது உயர்வு, அது தாழ்வு என்று வரிசை வைப்பது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதுதான் சங்கடம். முதல் வேலையில் பிசகு நேர்ந்தால் பரீட்சையில் பையனுக்கு இரண்டு மார்க் குறையும். இரண்டாவதில் நேர்ந்தால், குடியிருக்கும் வீடே போய்விடும். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. வீடு போன கதை பின்னால் வருகிறது.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சிவப்பு முதல் வகையைச் சேர்ந்தது போலத்தான் வேஷம் போட்டது. நல்ல அழுத்தமான சிவப்பை அச்சடித்தால் அதன் மேல் கறுப்பில் போட்ட ஊர்ப் பெயர் தெரியாது; ஆகவே நடைமுறையில் அது ரோஜா வர்ணமாக வெளிறிவிட்டது. 1909-ல் வந்த இம்பீரியல் கெஜட்டியர் அட்லாஸைப் புரட்டினால், பிரிட்டிஷ் இந்தியா ரோஜா, சுதேச சமஸ்தானங்கள் மஞ்சள். சென்னை ராஜதானியின் ரோஜாப் பரப்புக்குள்ளே புதுக்கோட்டை சமஸ்தானம் ஒரு மஞ்சள் துளி. அந்த மஞ்சளைப் பார்க்கிறவன் தொண்டைமான் மகாராஜா தம் சீமையில் சர்வ சுதந்திரமாக வீற்றிருந்தார் என்று நினைத்துக்கொள்வான். பிரிட்டிஷ் அதிகாரியைக் கலக்காமல் அங்கே பெரிய காரியம் எதுவும் நடக்காது என்பதைச் சொல்ல அட்லாஸில் வர்ணம் இல்லை. 1948-ல் அந்த மஞ்சள் துளி திருச்சி ஜில்லாவோடு கரைந்தது.

பிரித்துக் காட்டுகிற வேலையைப் பற்றி இன்னொரு வேடிக்கை. 1852-ல் பிரான்சிஸ் கத்ரி என்ற வாலிபர் இங்கிலாந்தின் ஜில்லாக்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த ஜில்லாக்களுக்கு ஒரே வர்ணம் வரக்கூடாது. நான்கு வர்ணம் போதுமாக இருந்தது. எந்தப் படத்துக்கும் நான்கு போதுமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் அவர் தம்பி மூலம் டி மார்கன் என்ற கணிதப் பேராசிரியரிடம் போய், உலகத்துக் கணித மேதைகளின் தூக்கத்தை 124 வருஷம் கெடுத்தது. நடுவில் 1879-ல் கெம்பே என்பவர் நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். 11 வருஷம் கழித்து ஹீவுட் என்பவர் அதில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கடைசியில் 1976-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் அப்பெல், ஹாக்கன் என்ற இருவர் கம்ப்யூட்டரை ஆயிரம் மணிக்கு மேல் ஓடவிட்டு 'போதும்' என்று நிரூபித்தார்கள். இதில் ரசமான சங்கதி, தேசப்படம் போடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்னை இருந்ததே இல்லை. ஐந்தாவது வர்ணம் வேண்டுமென்றால் அவர்கள் பாட்டுக்கு ஐந்தாவது கிண்ணத்தில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கிண்ணம், தூரிகை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் அச்சில் வருவது கறுப்புக் கோடு மட்டும். வர்ணம் முழுவதும் கைவேலை. பட்டறைகளில் பெண்களும் சிறு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து, ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூசுவார்கள்.

அந்தக் கைவேலையின் காலத்தில், வர்ணத்தை முழுப் புத்தியோடு ஆண்டவர் யார் என்று கேட்டால் வில்லியம் ஸ்மித்தின் பெயரைத்தான் நான் சொல்வேன். 1769-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். எட்டு வயதில் தகப்பனார் போய்விட்டார். நிலம் அளக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, சோமர்செட் பிரதேசத்தில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கால்வாய் வெட்டும்போது பூமியின் வயிறு வெளியே தெரியும் அல்லவா? கல்லும் மண்ணும் அடுக்கடுக்காக, எங்கே வெட்டினாலும் அதே வரிசையில், ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டங்களை அடுக்கிவைத்தது போல என்று அவரே உவமை சொல்லியிருக்கிறார். ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய சிப்பிகள் கல்லாகிக் கிடந்தன. சிப்பியைப் பார்த்து அடுக்கைச் சொல்லிவிடலாம் என்று கண்டுகொண்டார். பிறகு அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து தேசம் முழுவதும், வண்டியிலும் கால்நடையிலுமாக அலைந்து, எந்த இடத்தில் எந்த அடுக்கு தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொண்டே போனார்.

1815-ல் படம் வெளிவந்தது. 15 தாள்கள். சேர்த்து ஒட்டினால் எட்டரை அடிக்கு ஆறு அடி. இருபதுக்கும் மேற்பட்ட வர்ணங்கள்; நிலக்கரிப் பூமிக்குக் கறுப்பு, செம்மண் பாறைக்குச் செம்மை என்று கூடிய மட்டும் அந்தந்தக் கல்லின் சாயலை ஒட்டியே தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் என்னைக் கவர்ந்தது வர்ணங்களின் எண்ணிக்கை இல்லை, பூசிய விதம். மேலேயிருந்து பார்க்கிற படத்தில், பூமிக்குள் ஒன்றன் அடியில் ஒன்றாக இருப்பதை எப்படிக் காட்டுவது? ஒவ்வோர் அடுக்கிலும் அதன் அடி விளிம்பு தெரிகிற இடத்தில் வர்ணத்தை அழுத்தமாகப் போட்டு, அங்கிருந்து நகர நகரத் தண்ணீர் விட்டு மங்கலாக்கிக்கொண்டே போனார். ஓர் அடுக்கின் அழுத்தமான விளிம்பு அடுத்ததன் மங்கலான பக்கத்தில் போய் முட்டுகிறது. படத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்தால், ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு படிந்திருக்கிற மாதிரி, எது எதன் மேல் கிடக்கிறது என்பது படிக்காதவனுக்கும் விளங்கும். பிரிப்பதற்கு ஒரு வர்ணம், வரிசை சொல்ல அதே வர்ணத்தின் அழுத்தம். இரண்டு வேலையும் ஒன்றோடொன்று குழம்பாமல் நடந்திருக்கிறது.

சுமார் 400 பிரதிகள். அத்தனையும் கையால் பூசியவை. மலிவான பிரதிக்கே 5 கினி. அந்த வேலை அவரைக் கடனில் தள்ளிற்று. லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்துக் கனவான்கள் இவருடைய உழைப்பையும் பயன்படுத்திக்கொண்டு, தங்கள் தலைவர் கிரீனோவின் பெயரால் வேறொரு படத்தை 1820-ல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தின வருஷமே ஸ்மித் கடனாளிகளின் சிறைக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தாயிற்று. 1831-ல் அதே சங்கம் அவரைக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்து, 'இங்கிலாந்து பூகர்ப்ப சாஸ்திரத்தின் தந்தை' என்று கொண்டாடிற்று. கொல்லன் மகனுக்கு இது நம் நாட்டில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். 1881-ல் பொலோன்யா நகரத்தில் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடி, பூகர்ப்பப் படங்களுக்குப் பொது வர்ணங்களைப் பற்றி முடிவெடுத்தார்கள். அந்த மரபுப்படி, அரியலூரில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கிற பாறைகளுக்குப் பச்சை.

கை வர்ணத்தின் காலம் கல் அச்சால் முடிந்தது. ஜெர்மனியில் செனெபெல்டர் என்ற நாடக ஆசிரியர் தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடப்போய், 1790-களின் கடைசியில் கல்லின் மேல் எழுதி அச்சிடும் முறையைக் கண்டுபிடித்தார். வர்ணத்துக்கு ஒரு கல் என்று வைத்துக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்றாகத் தாளை ஒற்றி எடுத்தார்கள். ஒற்றும்போது தலைமயிர் அளவு நகர்ந்தாலும் போச்சு. மலிவான பள்ளிக்கூடப் படங்களில் இலங்கையின் பச்சை கரையைவிட்டு நகர்ந்து கடலில் இறங்கியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நான் ரொம்ப நாள் அதைக் கடலோரத்து ஆழமில்லாத தண்ணீர் என்று நினைத்திருந்தவர்களையும் சந்தித்திருக்கிறேன்.

அச்சு வசதி வந்ததும் எடின்பரோவில் பார்த்தலமியூ குடும்பத்தார் உயரத்தை வர்ணத்தால் காட்டும் படங்களைப் பெயர்பெறச் செய்தார்கள். தாழ்ந்த நிலம் பச்சை, ஏற ஏற மஞ்சள், பழுப்பு, உச்சியில் வெள்ளை. அழகான ஏற்பாடு. இன்றுவரை பள்ளி அட்லாஸ்களில் இதுதான் நடக்கிறது. ஆனால் பச்சையைக் கண்டால் மனிதன் பயிரை நினைப்பானே தவிர, கடல் மட்டத்தை நினைப்பானா? அந்தப் படங்களில் எங்கள் ராமநாதபுரத்துப் பொட்டல் பச்சைப் பசேல் என்று இருக்கும். நீலகிரி காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். ராமநாதபுரத்துக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் அட்லாஸைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்று ஒரு சிநேகிதர் வேடிக்கையாகச் சொல்வார்.

இதற்கு நேர் எதிராக ஒரு யோக்கியமான படம் நம் தேசத்திலேயே உண்டு. 1767-ல் ஏற்பட்ட சர்வே ஆஃப் இந்தியா இலாகாவின் நிலப் படங்களைச் சொல்கிறேன். அதில் சாகுபடி நிலம் மஞ்சள், காடு பச்சை, சமஉயரக் கோடு பழுப்பு, குடியிருப்பும் சாலையும் சிவப்பு. இவை போகட்டும். தண்ணீர் இருக்கிற ஆறுக்கு நீலம். வருஷத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கிற ஓடைக்குக் கறுப்பு. ஆறு என்று பெயர் இருப்பதற்காக நீலத்தைத் தாரை வார்த்துவிடவில்லை. தமிழ்நாட்டின் தாள்களை விரித்தால் எத்தனை கறுப்பு ஓடைகள்! தண்ணீரின் தரித்திரத்தை ஒரு பொட்டு மிகையில்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

மனிதர்களின் தரித்திரத்துக்கு வர்ணம் கொடுத்தவர் சார்லஸ் பூத். லிவர்பூலில் பிறந்து கப்பல் கம்பெனி நடத்திய பணக்காரர். லண்டனில் ஏழைகள் எத்தனை பேர் என்பதைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. பூத்துக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. சொந்தப் பணத்தைப் போட்டு, ஆட்களை வைத்து, 1886-ல் தாமே கணக்கெடுக்கத் தொடங்கினார். 1889-ல் வந்த படத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வர்ணம். பெரிய பணக்காரர் தெரு மஞ்சள். வேலைக்காரி வைத்துக்கொள்ள வசதியுள்ள நடுத்தர வர்க்கம் சிவப்பு. ஏதோ ஒழுங்கான வருமானத்தில் கௌரவமாக வாழ்கிறவர்கள் ரோஜா. வாரத்துக்கு 18 முதல் 21 ஷில்லிங்கில் குடும்பம் நடத்துகிற ஏழைகள் வெளிர் நீலம். கூலி கிடைத்த அன்று சாப்பிடுகிறவர்கள் கருநீலம். அதற்கும் கீழே கறுப்பு. ஏழையும் வசதியானவனும் கலந்து வாழ்ந்த தெருவுக்குக் கத்தரிப்பூ வர்ணம். நீலத்தையும் ரோஜாவையும் குழைத்தால் வருவது அதுதானே!

இந்தப் படத்தைத் திருத்துவதற்காக 1897 முதல் பூத்தின் குமாஸ்தாக்கள் பேட்டை பேட்டையாக, அந்தந்த இடத்துப் போலீஸ்காரரோடு நடந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார்கள். ஜன்னலில் பூத்தொட்டி இருக்கிறதா, கண்ணாடி உடைந்திருக்கிறதா, குழந்தைகள் காலில் ஜோடு உண்டா, கதவு திறந்து கிடக்கிறதா? இப்படியான குறிப்புகள் உட்பட சுமார் 450 நோட்டுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு அவற்றைப் பற்றிக் கேள்விப்படும்போதே கை அரிக்கிறது. பத்து நாவலுக்கான விஷயம் அத்தனையும் கடைசியில் ஒரு தூரிகை வீச்சாகச் சுருங்கிப்போயிற்று.

பூத்தை நான் பாராட்டுவதா, குறை சொல்வதா என்று தடுமாறுகிறேன். லண்டன் ஜனங்களில் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் கிடக்கிறார்கள் என்று அவர் கணக்குச் சொன்னது. அது யாரும் தட்டிக் கழிக்க முடியாத சேதி ஆயிற்று. வயோதிகர்களுக்குப் பென்ஷன் வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாடினார். 1908-ல் 70 வயதானவர்களுக்குச் சட்டம் வந்தது. இந்த நல்ல காரியத்தில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு இருக்கிறதே! மற்ற வர்ணங்களெல்லாம் வருமானத்தைச் சொல்ல, கறுப்பு மட்டும் வருமானத்தோடு நடத்தையையும் சேர்த்துச் சொல்கிறது. குற்றம் செய்கிறவர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள் என்பது அதற்குக் கொடுத்த விளக்கம். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் அதே கறுப்பு. ஏழ்மை கணக்கில் அடங்குகிற விஷயம். ஒழுக்கத்தை எந்தத் தராசில் நிறுத்தார்கள்? போலீஸ்காரர் வாயில் வந்த வார்த்தைதான் தராசு.

பூத்தின் படத்தில் சிவப்பு நல்ல தெரு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷத்துக்குள் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் அதே சிவப்பு வேறு அவதாரம் எடுத்தது.

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1933-ல் சர்க்கார் 'ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அது சுமார் பத்து லட்சம் கடன்களைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, அத்தனை குடும்பங்களுக்குத் தவணையை நீட்டிக் கொடுத்தது. புண்ணிய காரியம். பிறகு, எந்தப் பேட்டையில் போட்ட பணம் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக, 1935-லிருந்து 1940-க்குள் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைப் பரிசீலித்துப் படம் தயாரித்தது. உள்ளூர் வீட்டுத் தரகர்களும் பாங்கிக்காரர்களும் உட்கார்ந்து பேட்டைக்கு மதிப்புப் போட்டார்கள். முதல் தரம் பச்சை. இரண்டாவது நீலம். சரிந்துகொண்டிருப்பது மஞ்சள். அபாயமானது சிவப்பு.

பேட்டைக்கு ஒரு பாரம் பூர்த்தி செய்தார்கள். வீடுகளின் வயசு, வாடகை எல்லாம் அதில் உண்டு. குடியிருப்பவர்களின் ஜாதி இனமும் உண்டு. கறுப்பு இன மக்கள் எத்தனை சதவிகிதம், வேற்று தேசத்தார் எத்தனை, 'ஊடுருவுகிறவர்கள்' யார் என்று தனித்தனிக் கட்டங்கள். கறுப்பு இனக் குடும்பங்கள் வாழ்ந்த பேட்டைகள் அநேகமாக அத்தனையும் சிவப்பாயின. வீடு புதிதா பழசா என்பது அங்கே இரண்டாம்பட்சம்.

இந்தக் குறிப்பிட்ட படங்கள் எத்தனை பாங்கிக்காரர்களின் கைக்குப் போயின என்பதில் சரித்திர ஆசிரியர்களிடையே சர்ச்சை இருக்கிறது. அவை ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. கென்னத் ஜாக்ஸன் என்ற பேராசிரியர் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அவற்றை வெளிக்கொண்டுவந்து 1980-களில் எழுதிய பிறகுதான் உலகம் பார்த்தது. ஆனால் 1934-ல் ஏற்பட்ட இன்னொரு சர்க்கார் ஸ்தாபனம், வீட்டுக் கடன்களுக்கு ஜாமீன் நிற்பதற்காகவே வந்த ஃபெடரல் ஹவுஸிங் அட்மினிஸ்ட்ரேஷன், இதே கண்ணோடு தானும் படம் போட்டு, கறுப்பு இன மக்களின் பேட்டைகளுக்கு ஜாமீன் தர மறுத்தது. ஜாமீன் இல்லாவிட்டால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் வீடு வாங்க முடியாது; இருக்கிற வீட்டைச் செப்பனிட முடியாது. சிவப்பு என்று தீட்டினார்கள், கடன் நின்றது. கடன் நின்றதால் வீடுகள் இடிந்தன. வீடுகள் இடிந்தபின், சிவப்பு என்று சொன்னது சரிதானே என்றார்கள். ஜோசியர் தாமே காலைத் தடுக்கிவிட்டு, விழுவாய் என்று சொன்னேனே பார்த்தாயா என்பது போல.

டெட்ராய்ட் நகரத்தில் 1941-ல் நடந்ததைச் சொன்னால் கற்பனை என்பீர்கள். வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டி விற்க ஒரு வியாபாரி நிலம் வாங்கினார். பக்கத்தில் கறுப்பு இன மக்களின் குடியிருப்பு. அபாயப் பிரதேசத்துக்கு இத்தனை அருகில் ஜாமீன் கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வியாபாரி என்ன செய்தார்? இரண்டுக்கும் நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்கு, ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். ஜாமீன் கிடைத்துவிட்டது. காகிதத்தில் இரண்டு வர்ணங்களுக்கு நடுவே ஓடுகிற கோடு இப்படித் தரையில் சுவராக எழுந்தது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. 2006-ல் அந்தப் பக்கத்து ஜனங்கள் அதில் ஒரு பகுதிக்குச் சித்திரம் தீட்டினார்கள்.

வீடு விற்பதிலும் கடன் கொடுப்பதிலும் இன பேதம் கூடாது என்று 1968-ல் சட்டம் வந்தது. வர்ணம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. 2020-ல் 108 அமெரிக்க நகரங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பழைய படத்தில் சிவப்பாக இருந்த பேட்டைகளின் தரை, மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்ஸியஸ் அதிகமாகச் சுடுகிறது. மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குமாஸ்தா தொட்ட சிவப்பு மை, இன்றைக்குக் கோடைகாலத்தில் ஒரு கிழவியின் உள்ளங்காலைச் சுடுகிறது.

கம்ப்யூட்டர் வந்த பின்பு வர்ணம் தீட்டுவது விளையாட்டாகிவிட்டது. கல் வேண்டாம், மை வேண்டாம், பிசகினால் நஷ்டமில்லை. லட்சக்கணக்கான வர்ணங்கள் விரல் நுனியில். ஆனால் மை வெளிச்சத்தை உண்கிற பொருள். திரை வெளிச்சத்தை உமிழ்கிற பொருள். மைகளைக் கலந்தால் கறுப்பை நோக்கிப் போகும்; ஒளிகளைக் கலந்தால் வெள்ளையை நோக்கிப் போகும். வெள்ளைத் தாளில் அழுத்தமாக இருப்பதுதான் 'அதிகம்' என்று கண் படிக்கிறது. கறுத்த திரையிலோ பளிச்சென்று ஒளிர்வது 'அதிகம்'. தாளுக்குப் போட்ட படத்தை அப்படியே இருட்டுத் திரைக்குத் தூக்கிவைத்தால், வெள்ளம் வந்த ஊர் எது, வராத ஊர் எது என்று கண் தடுமாறும்.

மற்றொரு விபரீதம் வானவில். மழை, வெயில், நோய் எதுவானாலும் ஊதாவில் தொடங்கிச் சிவப்பு வரை வானவில்லை அப்படியே விரித்துவிடுவது கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு நெடுநாள் வழக்கம். வானவில்லின் வரிசை பௌதிக சாஸ்திரத்துக்குத் தெரியும்; கண்ணுக்குத் தெரியாது. பச்சை பெரிதா, நீலம் பெரிதா என்று ஒரு குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். விழிக்கும். நடுவில் இருக்கிற மஞ்சள் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருப்பதால், முக்கியமில்லாத நடுத்தர இடமெல்லாம் ஓடி வந்து முன்னால் நிற்கும். பச்சை மஞ்சளாக மாறுகிற இடத்தில், பூமியில் இல்லாத ஓர் எல்லை முளைத்துவிடும்.

பென்ஸில்வேனியா சர்வகலாசாலையொன்றில் பூகோளப் பேராசிரியையான சிந்தியா புரூவர், மார்க் ஹாரோவர் என்பவரோடு சேர்ந்து 2002-ல் இதற்கு ஒரு பரிகாரம் செய்தார். 'கலர் புரூவர்' என்று பெயர். படம் போடுகிறவரை அது முதலில் ஒரு கேள்வி கேட்கிறது: நீ காட்டப்போவது வெறும் வேற்றுமையா, குறைவிலிருந்து நிறைவா, நடுவில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் விலகுவதா? பதிலைப் பொறுத்து வர்ணங்களைத் தருகிறது. நிறைவைக் காட்டுவதென்றால் ஒரே வர்ணம் மங்கலிலிருந்து அழுத்தத்துக்குப் போகும். வில்லியம் ஸ்மித் தண்ணீர் விட்டுக் கரைத்த அதே தந்திரம்! எந்த வர்ணக் கூட்டம் நிறக்குருடர்களுக்கும் புரியும், எது நகல் எடுத்தாலும் தேறும் என்பதையும் சொல்லிவிடுகிறது. இது சின்ன உபகாரம் இல்லை. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். அணுக் கொள்கை கண்ட ஜான் டால்டனே அவர்களில் ஒருவர். 1794-ல் தம் கண்ணின் குறையைப் பற்றித் தாமே சபையில் கட்டுரை வாசித்தார். சிவப்பு அபாயம், பச்சை பத்திரம் என்று படம் போட்டு அவர் கையில் கொடுத்திருந்தால், இரண்டையும் ஒன்றாகவே பார்த்திருப்பார்.

சிவப்பே போதாமல் போன சமயமும் உண்டு. 2013 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கொடும் வெயில். அந்த நாட்டு வானிலை இலாகாவின் வெப்பப் படம் 50 டிகிரியோடு நின்றிருந்தது. அதற்கு மேல் 54 வரை அளவை நீட்டி, கரும் ஊதாவும் பளீர் ரோஜாவும் சேர்த்தார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 30-ம் தேதி, கொரோனாக் காலத்தில், மத்திய சர்க்கார் இந்தியாவின் 733 ஜில்லாக்களுக்கும் வர்ணம் கொடுத்தது. 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. தமிழ்நாட்டின் 37 ஜில்லாக்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, கிருஷ்ணகிரி ஒன்றுதான் பச்சை. மத்திய உத்தரவுப்படி ஆரஞ்சிலும் பச்சையிலும் க்ஷவரக் கடையைத் திறக்கலாம், சிவப்பில் கூடாது. ஒரு சவரத் தொழிலாளியின் அடுப்பு எரிவதும் எரியாததும் அவர் குடியிருக்கும் ஜில்லாவின் வர்ணத்தில் வந்து நின்றது.

ஜில்லா என்பது சர்க்காரின் சௌகரியத்துக்கு ஏற்பட்ட கட்டம். நோய்க்கு அந்தக் கட்டம் தெரியாது. ஜில்லாவின் ஒரு கோடியில் நாலு தெருவில் நோய் இருந்தால், மறுகோடியில் ஒரு தும்மல்கூட இல்லாத கிராமமும் படத்தில் அதே சிவப்பு. அபாயத்தைச் சட்டென்று ஜனங்களுக்கு உணர்த்த வேறு சுலபமான வழி இருந்ததா என்றால் எனக்குத் தோன்றவில்லை. சிவப்பு என்ற ஒரு வார்த்தை செய்த வேலையைப் பத்துப் பக்க அறிக்கை செய்திருக்காது. ஆனால் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று, டெட்ராய்ட் சுவர் என் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. சிவப்பு ஜில்லாக்காரன் ஆரஞ்சு ஜில்லாவின் எல்லையில் வந்து நின்றால், அவனை மனிதர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும்.

ஒரு வித்தியாசம் இருந்தது. பட்டியலை வாரத்துக்கு ஒரு முறை, அவசியமானால் அதற்கு முன்பே, திரும்பப் பார்த்து மாற்றுவோம் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். தீட்டும்போதே அழிப்பதற்கும் நாள் குறித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் படங்களில் அப்படி ஒரு வரி இல்லை. மே மாதம் 18-ம் தேதியிலிருந்து, எந்த இடத்துக்கு எந்த வர்ணம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மாநில சர்க்கார்களிடம் விடப்பட்டது.